மேகத்தில் வாடகை வீடு, கையில் சமையல் குறிப்பு

பதிவு எழுதி மூணு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? இருந்தாலும் சொல்லிக்கிறேன் :-) தீசிஸ் ஒரு பக்கம், ஹிவி வேலை ஒரு பக்கம். ஹிவின்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: இங்க ஜெர்மனியில் பேராசிரியருக்கு மணிக்கணக்கு சம்பளத்தில் எடுபிடியா இருக்கிற மாணவருக்கு அந்தப் பேரு. என் எடுபிடி வேலை, முதல் வருஷப் பசங்களுக்கு பைத்தான் லேப் நடத்துறது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். போன வருஷம் அக்டோபர், முதல் லேப். 24 பேர், 90 நிமிஷம். அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான்: எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்பில் பைத்தான் நிறுவி, ஒரு சின்ன நிரலை ஓட்டிப் பாக்கணும். பாதிப் பேருக்கு விண்டோஸ், சிலருக்கு மேக், ரெண்டு பேருக்கு எந்த லினக்ஸ்னு அவங்களுக்கே தெரியாத லினக்ஸ். ஒரு பையன் லேப்டாப்பில் ஏற்கெனவே மூணு பைத்தான் கூட்டுக்குடும்பம் நடத்திட்டு இருந்தது. எதைக் கூப்பிட்டாலும் இன்னொண்ணு வந்து நின்னுச்சு. இன்னொருத்தர் பயனர் பேருல, மேல ரெண்டு புள்ளி வச்ச ஜெர்மன் எழுத்து ஒண்ணு. அந்த ரெண்டு புள்ளிக்காக ஒரு மென்பொருள் உள்ளேயே வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது.

90 நிமிஷம் முடிஞ்சப்போ முக்கால்வாசிப் பேர் ஒரு வரி நிரல்கூட எழுதலை. கடைசி வரிசையில் ஒரு பொண்ணு. பழைய லேப்டாப். ஒவ்வொரு தடவையும் அது எழுந்து வரவே பத்து நிமிஷம். வகுப்பு முடிஞ்சு மூட்டை கட்டும்போது, "இந்தப் பாடம் எனக்கு சரிவராது போல"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அடுத்த வாரம் வரலை. அப்புறமும் வரலை. அந்தப் பொண்ணு நிரல் எழுதி அதில் தோத்துப் போகலை. நிரல் எழுதுற இடம் வரைக்கும் வந்து சேரவே இல்லை.

இது ஒரு வருஷமா மனசுல உறுத்திட்டே இருந்தது. இந்த வருஷம் பேராசிரியர் ஒரு முடிவு எடுத்தார். யாரும் எதையும் நிறுவ வேண்டாம், எல்லாம் கிளவுடில். ஒரு சுட்டியைக் கொடுத்தோம். சொடுக்கினாங்க, ரெண்டு மூணு நிமிஷம் சக்கரம் சுத்துச்சு, 24 பேர் திரையிலும் ஒரே எடிட்டர், ஒரே பைத்தான், ஒரே நூலகங்கள். 90 நிமிஷத்துல முதல் பயிற்சியையே முடிச்சுட்டாங்க. நானே கை தட்டினேன்.

நம்ம பதிவுலகில் கணினிப் பக்கம் வராதவங்களும் இருக்கீங்க, அதனால ஒரு சின்ன விளக்கம். பொட்டி தட்டுறவனுக்கு எடிட்டர், டெர்மினல், நூலகங்கள்னு ஒரு பட்டறை வேணும். வழக்கமா அது சொந்தக் கணினியில் இருக்கும். இப்போ அந்தப் பட்டறை எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுது, நம்ம கையில் பிரவுசர் மட்டும். கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் இந்த வகையில் பிரபலம். 2020-ல் அறிவிச்சாங்க, 2022 நவம்பரில் இருந்து எல்லாத் தனிப் பயனர்களுக்கும் மாசத்துக்கு இவ்வளவு மணி இலவசம்னு திறந்துவிட்டாங்க. கூகுள் கோலாப், கூகுள் கிளவுட் ஷெல் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுவிட்ட சொந்தக்காரங்க.

சரி, கை தட்டியாச்சு, அப்புறம் எதுக்கு இந்தப் பதிவு? இனிமேதான் புலம்பல் :-)

போன கோடை செமஸ்டரில் எனக்கு ஒரு செமினார் புராஜெக்ட். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வச்சு, எங்க ஊர்ப்பக்கம், அதாவது கோவில்பட்டி சுத்துவட்டாரத்துக் கண்மாய்களில் எந்த மாசம் எவ்வளவு பரப்புக்குத் தண்ணி நிக்குதுன்னு கணக்கெடுக்கிற வேலை. என் லேப்டாப் தாங்காதுன்னு ஒரு இலவச கிளவுட் சேவையில் பட்டறை போட்டேன். சேவையின் பேரு வேணாம், கதைக்கு அவசியமில்லை. ஜோரா ஓடுச்சு. நடுவில் பரீட்சை வந்தது, சில வாரம் அந்தப் பக்கமே போகலை. திரும்பி வந்து பாத்தா பட்டறையைக் காணோம். ரொம்ப நாள் தொடாததால் நீக்கிவிட்டோம்னு ஒரு வரி. எச்சரிக்கை மடல்கூட அனுப்பியிருக்காங்க, நான் எப்பவாவது திறக்கிற பழைய மடல்பெட்டிக்கு. ஆக, குத்தம் பாதிக்கு மேல என்னோடதுதான். கிட்டில் கடைசியா நான் ஏத்தி வச்சது ஆறு நாள் வேலைக்கு முந்தின நிலை. அவ்வ்வ்வ்.

ஆனா இந்தப் பதிவு நிரல் போனதைப் பத்தி இல்லை. போன நிரலை ரெண்டு நாளில் திரும்ப எழுதிட்டேன், முதல் தடவையை விட நல்லாவே வந்தது. நாலு நாளைத் தின்னது வேற ஒண்ணு. இந்தப் படங்களைப் படிக்க ஜிடிஏஎல்-னு ஒரு நூலகம் வேணும். அனுபவப்பட்டவங்க இப்பவே தலையில கை வச்சிருப்பீங்க. இயங்குதளத்தில் இருக்கிற ஜிடிஏஎல் பதிப்பும் பைத்தானுக்குப் போடுற பதிப்பும் ஒத்துப் போகணும், இல்லைன்னா திரை முழுக்க சிவப்பு. முதல் தடவை எப்படியோ முட்டி மோதி, அங்க இங்க தேடி, டெர்மினல்ல பத்துப் பதினைஞ்சு கட்டளை அடிச்சு ஓட வச்சிருந்தேன். என்ன அடிச்சேன், எந்த வரிசையில் அடிச்சேன்? எங்கயும் எழுதி வைக்கலை. பட்டறை போனதும் அந்த அறிவும் சேர்ந்து போச்சு. பாதி முடிவுகளோடுதான் செமினாரில் பேசினேன். 2.7 மதிப்பெண். (இங்க 1.0 தான் உச்சம், 4.0 தாண்டினா அவுட்டு. வீட்ல 2.7-ன்னு சொன்னதுக்கு அம்மா "எத்தனைக்கு?"ன்னு கேட்டாங்க. இன்னும் பதில் சொல்லலை.)

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சது. கிளவுட் பட்டறையில் மதிப்புள்ளது அந்த மெஷின் கிடையாது. அந்த மெஷினை எப்படிக் கட்டினோம்கிற குறிப்புதான் சொத்து. மெஷின் வாடகை வீடு, என்னைக்கு வேணா காலி பண்ணச் சொல்லுவாங்க.

இங்க ஜெர்மனிக்கு வந்த புதுசுல வீடு தேடிப் போனப்போ பயங்கர அதிர்ச்சி. பல வாடகை வீடுகளில் சமையல்கட்டே கிடையாது! சுவத்தில் தண்ணிக் குழாய், மின்சார இணைப்பு, அவ்வளவுதான். முன்னாடி இருந்தவங்க சிங்க், அடுப்பு, அலமாரின்னு மொத்தத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பாங்க. கிறுக்குப் பயலுகன்னு அப்போ திட்டினேன். இப்போ யோசிச்சா, கிளவுட் விஷயத்தில் அவங்க செய்யுறதுதான் சரி. வீடு எவன் வீடா இருந்தா என்ன, சமையல்கட்டு நம்மளோடது.

நல்ல செய்தி என்னன்னா, கணினி உலகில் இதுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. டெவ்கன்டெய்னர்னு பேரு. நம்ம நிரல் இருக்கிற அடைவிலேயே ஒரு சின்ன கோப்பு. எந்த லினக்ஸ் மேல கட்டணும், எந்தப் பைத்தான் பதிப்பு, என்னென்ன நூலகம், எடிட்டருக்கு என்ன நீட்சிகள், எல்லாம் கட்டி முடிச்சதும் எந்தக் கட்டளையை ஓட்டணும், எந்த போர்ட்டைத் திறந்து விடணும்னு எல்லாம் அதில் எழுதிடலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்கூட வராது. இந்த முறை திறந்த வரையறை. கோட்ஸ்பேசஸும் அதைத்தான் படிக்குது, நம்ம சொந்தக் கணினியில் டாக்கர் இருந்தா விஎஸ் கோடும் அதே கோப்பைப் படிச்சு அதே பட்டறையைக் கட்டும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களுக்கும் புரியும், டெவ்பாட் மாதிரி திறமூலக் கருவிகளுக்கும் புரியும். ஒரு குறிப்பு, பல சமையல்காரங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்த வாடகை வீடுகளோட வரலாறு அப்படி. 2009-ல் மொசில்லா பெஸ்பின்னு ஒரு பிரவுசர் எடிட்டர் கொண்டு வந்தாங்க, சில வருஷத்தில் அந்தப் பேரே மறைஞ்சு போச்சு. நைட்ரஸ்னு ஒண்ணு, 2016-ல் மூடினாங்க. கிளவுட்9 ஆம்ஸ்டர்டாம்ல பொறந்து, 2016-ல் அமேசான் கைக்குப் போய், 2024 ஜூலையில் புது வாடிக்கையாளர்களுக்குக் கதவை அடைச்சது. கிளிட்ச் 2025 ஜூலையில் புராஜெக்ட்களை ஓட்டித் தருவதை நிறுத்தியது. இங்க வடக்கே கீல் நகரத்தில் இருந்து வந்த கிட்பாட், 2025-ல் ஓனான்னு பேரை மாத்திக்கிட்டு ஏஐ ஏஜென்டுகள் பக்கம் திரும்பிடுச்சு. கூகுளின் ஐடிஎக்ஸ் 2023-ல் வந்தது, 2025-ல் ஃபயர்பேஸ் ஸ்டூடியோன்னு வேற பேரு. இவங்க யாரையும் வில்லன்னு சொல்ல வரலை. கம்பெனின்னா லாபம் பாக்கணும், திசை மாறும். ஆனா அவங்க திசை மாறும்போது நம்ம பட்டறையும் சேர்ந்து ஆடக்கூடாதுல்ல?

பதிவர்களுக்கு இதைப் போய் நான் சொல்லணுமா என்ன! 2009-ல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடினதையும் 2013-ல் கூகுள் ரீடரை மூடினதையும் மூத்த பதிவர்கள் பதிவுகளில் படிச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். டெம்ப்ளேட்டையும் இடுகைகளையும் தன் கணினியில் சேமிச்சு வச்சவங்க அடுத்த இடத்துக்கு நிம்மதியா குடிபோனாங்க. அதே பாடம்தான்.

இப்போ எதிர்த்தரப்புக்கு வர்றேன். எங்க ஆய்வகத்தில் ஒரு சீனியர் இருக்கார். "தன் மெஷினில் ஒரு பைத்தானை நிறுவத் தெரியாதவன்லாம் புரோகிராமரா? கஷ்டப்பட்டாத்தான் கத்துக்க முடியும்"னு வாதம் பண்றார். நல்ல மனுஷன், ஆனா இதில் நான் ஒத்துக்க மாட்டேன். அவர் படிக்கும்போது நல்ல கணினி இருந்திருக்கு, மூணு நாள் உக்காந்து நோண்ட நேரமும் இருந்திருக்கு. முதல் நாள் 90 நிமிஷக் கஷ்டம் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் அது அதிகம். வடிகட்டி மாதிரி வேலை செய்யுது, ஆனா திறமையை வடிகட்டலை, பர்ஸை வடிகட்டுது. அந்தக் கடைசி வரிசைப் பொண்ணை நான் மறக்கலை.

இன்னொரு சாட்சி எங்க சித்தி பையன். ஊர்ல இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அவன்கிட்ட இருக்கிறது 4 ஜிபி நினைவகத்தோட ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப். டாக்கரைத் திறந்தா எடிட்டர் திறக்காது, எடிட்டரைத் திறந்தா பிரவுசர் படுத்துடும். அவனுக்கு கிளவுட் பட்டறையைக் காட்டிக் கொடுத்தது நான்தான். "யக்கா, காலேஜ் லேபை விட வேகமா இருக்குக்கா!"ன்னு ராத்திரி 11 மணிக்கு வாட்ஸப்பில் குதிச்சான். அவன் குதிச்சதைப் பாத்தப்புறம் கிளவுடே வேணாம்னு என்னால சொல்ல முடியாது.

ஆனா அதே பையன் ஒரு நாள், "யக்கா, மாசம் பாதியிலேயே மணி தீந்து போச்சு, நாளைக்கு ரெக்கார்டு சப்மிட் பண்ணணும்"னு வந்து நின்னான். இது எப்படின்னா, இலவச மணி பொதுவா கோர் கணக்கில் ஓடும். கோட்ஸ்பேசஸில் இலவசக் கணக்குக்கு மாசம் 120 கோர் மணி. 2 கோர் மெஷின் எடுத்தா 60 மணி நேரம், 4 கோர் எடுத்தா 30 மணி நேரம்தான். எங்காளு பெருசா இருந்தா வேகமா இருக்கும்னு பெரிய மெஷினா எடுத்திருக்கான். போதாததுக்கு தாவலை மூடினா மெஷினும் நின்னுடும்னு நினைச்சிருக்கான். நிக்காது. நாமளே நிறுத்தணும், இல்லைன்னா சும்மா இருக்கிறதை அதுவா கவனிச்சு நிறுத்துற வரைக்கும் ஓடும். கோட்ஸ்பேசஸில் அது வழக்கமா 30 நிமிஷம். தினம் ரெண்டு தடவை அப்படி விட்டா கணக்கு போட்டுக்குங்க. அன்னைக்கு ராத்திரி அவன் ஃப்ரெண்டு லேப்டாப்பைக் கடன் வாங்கி எப்படியோ முடிச்சான். வசதியில்லாதவனுக்குக் கிடைச்ச ஒரே கதவு, அதிலும் மீட்டர் ஓடுது. மின்வெட்டு, டேட்டா தீர்றது, சிக்னல் இல்லாததுன்னு மத்த கதையெல்லாம் தனி.

ஆக என் கட்சி இதுதான்: தொடங்குறவங்களுக்கு கிளவுட் கட்டாயம் கொடுக்கணும். ஆனா அதோடயே நிறுத்தக் கூடாது. செமஸ்டர் முடியுறதுக்குள்ள ஒவ்வொரு மாணவரும் அந்தக் குறிப்புக் கோப்பைத் திறந்து, வரி வரியாப் படிச்சு, ஒரு தடவையாவது அந்தப் பட்டறையை வேற இடத்தில் தானே கட்டிப் பாத்திருக்கணும். சுட்டியைச் சொடுக்கினா எல்லாம் வருதுன்னு மட்டும் தெரிஞ்சா, நாம அவங்களுக்கு நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கலை, ஒரு கம்பெனியின் வாடிக்கையாளரா ஆக்கி அனுப்புறோம்.

இதைப் பேராசிரியர்கிட்ட சொன்னேன். "எல்லாம் நல்லா ஓடுதே, எதுக்கு?"ன்னு கேட்டார். என் 2.7 கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு டிசம்பரில் ஒரு லேபை என்கிட்ட கொடுத்தார். அன்னைக்கு கிளவுட் கிடையாது. இணையம் உண்டு, குறிப்புக் கோப்பு உண்டு, அவங்கவங்க மெஷின் அல்லது லேப் மெஷின். 24 பேரில் 17 பேர் கட்டி முடிச்சாங்க. முடிக்காத ஏழு பேருக்கும் எந்த வரியில் நின்னுதுன்னு தெரிஞ்சிருந்தது. போன வருஷம் முதல் லேபில் "ஓடலை"ன்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சது, இந்தத் தடவை "இந்த நூலகத்தின் பதிப்பு ஒத்துப் போகலை"ன்னு சொன்னாங்க. ரெண்டுக்கும் நடுவில் மலையளவு தூரம் மக்களே. அதே வேலைதான், ஆனா ரெண்டு மாசம் நிரல் எழுதி தைரியம் வந்த பிறகு செஞ்சது.

சித்தி பையனுக்கு டாக்கர் ஓடாதே, அவன் என்ன பண்ணுவான்? ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ காலில் உக்காந்தோம். அவன் லேப்டாப்பில் லுபுன்டு போட்டோம். குறிப்புக் கோப்பைப் படிச்சு, அது தானா செய்யுற வேலையை நாங்க கையால செஞ்சோம். தேவையான நூலகங்களுக்கு ஒரு தனி பைத்தான் சூழல், கிட், கனமில்லாத ஒரு எடிட்டர். சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் அசைன்மென்ட் அவன் மெஷினிலேயே ஓடுச்சு. வேகம் கம்மிதான். "யக்கா, இது எம்பொட்டியிலயே ஓடுதுக்கா"ன்னான். மொத தடவை குதிச்ச மாதிரி குதிக்கலை. மெதுவாத்தான் சொன்னான்.

இனி நான் பட்டுத் தெளிஞ்ச சில விஷயங்கள், வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க:

1. நாற்காலியை விட்டு எழுந்திரிக்கும் முன்னாடி கமிட் பண்ணி புஷ் பண்ணிடுங்க. அரைகுறையா இருந்தாலும் தனிக் கிளையில் ஏத்திடுங்க. கோட்ஸ்பேசஸில் 30 நாள் தொடாம விட்டா பட்டறை நீங்கிடும், கிளவுட் ஷெல்லில் 120 நாள். விதிகளைப் படிச்சு நாள்காட்டியில் குறிச்சு வைங்க.

2. டெர்மினலில் எதையாவது நிறுவினா, அதே கையோட குறிப்புக் கோப்பிலும் எழுதுங்க. அப்புறம் எழுதிக்கலாம்னா எழுதவே மாட்டோம். நான் எழுதலை.

3. மாசம் ஒரு தடவை பட்டறையை வேணும்னே அழிச்சுட்டு, குறிப்பை மட்டும் வச்சுத் திரும்பக் கட்டிப் பாருங்க. அழிக்கும் முன்னாடி எண் 1-ஐ திரும்பப் படிக்கவும் :-) கட்ட முடியலைன்னா குறிப்பில் ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அது உங்களுக்கு வசதியான நாளில் தெரிய வர்றது நல்லதில்லையா?

4. சின்ன மெஷினில் தொடங்குங்க, முடிச்சதும் நீங்களே நிறுத்துங்க. நிறுத்தி வச்சாலும் இடத்துக்கான கணக்கு ஓடிட்டு இருக்கும், அதனால வேலை முடிஞ்ச பட்டறையை அழிச்சுடுங்க.

5. கடவுச்சொல், ஏபிஐ சாவி எதையும் குறிப்புக் கோப்பில் எழுதாதீங்க. அதுக்குன்னு தனியா ரகசியப் பெட்டி கொடுத்திருப்பாங்க. குறிப்பை ஊருக்கே காட்டலாம், சாவியை இல்லை.

இதெல்லாம் ஒண்ணும் புதுசு இல்லை. 1961-லேயே எம்ஐடியில் கோர்பட்டோ குழுவினர் ஒரு பெரிய கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பங்கு போட்டுக்கிற முறையைச் செஞ்சு காட்டினாங்க. அப்புறம் கணினி நம்ம மேசைக்கு வந்தது. இப்போ திரும்ப தூரமாப் போகுது. இன்னொரு தடவை கிட்ட வரலாம், யார் கண்டா. அது எங்க போனாலும், நாம சமையல்கட்டைக் கழட்டி எடுத்துட்டுக் கூடவே போகத் தெரிஞ்சிருந்தா போதும்.

கண்மாய்க் கணக்கை இப்போ தீசிஸாவே எடுத்திருக்கேன். இந்தத் தடவை குறிப்புக் கோப்புதான் முதல் கமிட்.

டிஸ்கி 1: மேல சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு காசு கொடுக்கலை. கொடுத்தா வாங்கிக்குவேன்.

டிஸ்கி 2: போன வருஷம் வராம நின்ன அந்தப் பொண்ணை நவம்பரில் கேன்டீனில் பாத்தேன். வேற துறைக்கு மாறிடுச்சாம், சந்தோஷமாத்தான் இருக்கு. இந்த வருஷ லேபைப் பத்திச் சொன்னேன். "ஓ, அப்படியா"ன்னு மட்டும் சொல்லுச்சு. அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் சொல்லத் தெரியலை.

உங்க பட்டறை எங்க இருக்கு, சொந்த வீடா வாடகையா? மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்தில் கும்மிட்டுப் போங்க.